பச்சை குத்த முதலும் பிறகும்: வன்னி வாசகர்களின் கேள்விகள்

விசுவமடு, வயல் செய்பவர்: கையில வேல் ஒண்டு குத்த ஆசை. ஐப்பசி விதைப்புக்கு முதல் குத்தினால் சரிவருமோ?

விதைப்புக்கு நாலு கிழமை முழுதாக இருந்தால் சரிவரும். இரண்டு கிழமைதான் இருக்கென்றால் வேண்டாம். ஊசி 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை இறங்கி, மேற்தோலைத் தாண்டி உட்தோலில் மையை விடுகிறது. உள்ளங்கை அளவு படத்துக்கே ஆயிரக்கணக்கான துளைகள் விழும். மேல்பக்கம் மூட 2, 3 கிழமை பிடிக்கும். உள்ளே முழுதாக ஆற 2, 3 மாதம்.

அதற்கிடையில் சேற்றில் இறங்கினால் என்ன வரும் என்பதை வன்னியில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். எலி, மாடு சலம் கழித்த தண்ணீரில் இருந்து எலிக்காய்ச்சல் வருவது எல்லோருக்கும் தெரியும். மெலியோய்டோசிஸ் பலர் கேள்விப்படாதது. அந்தக் கிருமி எங்கள் நாட்டு மண்ணிலும் தேங்கின தண்ணீரிலும் வாழ்கிறது. மழை நாளில் காயத்துக்குள்ளால் போகும், நுரையீரல் வரை கட்டியாக்கும். சீனி வருத்தக்காரரைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். உங்களுக்குச் சீனி இருந்தால் முதலில் அதைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவாருங்கள், பச்சை பிறகு. சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனையில் தரும் எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசை போடுவதால் சேற்றில் நிற்கலாம் என்று நினைக்க வேண்டாம். அது டொக்சிசைக்கிளின். சிலருக்கு அதைப் போடும் நாட்களில் வெயில் பட்ட தோல் எரிந்து சிவக்கும், புதுப் பச்சை இன்னும் மோசமாக எரியும்.

எங்களைக் கேட்டால், காலபோக வெட்டு முடிந்து சிறுபோகத்துக்குத் தண்ணி திறக்க முதல் வருகிற பங்குனி மாதம் வயல்காரருக்குத் தோதானது. நெல் தூசியும் அடங்கியிருக்கும்.

முள்ளிவளை, 38 வயது: 2009 இல பட்ட செல் காயத்தின்ர தழும்பு முன்கையில கிடக்குது. பூ ஒண்டு குத்தி மூடலாமோ? உள்ளுக்குச் சின்னப் பீஸ் ஒண்டும் இருக்குது.

மூடலாம், ஆனால் கையை நன்றாகப் பார்த்துத்தான். தழும்பு ஒரு வருடமாவது பழையதாக இருக்க வேண்டும், உங்களுடையது போதியளவு பழையது. சிவப்பு, கடி, நோ இல்லாமல் தட்டையாக வெளிறிக் கிடந்தால் நல்லது. காயம் பட்ட எல்லையையும் தாண்டித் தடித்து வளர்ந்திருந்தால் அது கீலோயிட். அதன் மேல் குத்தவே கூடாது. ஒவ்வொரு ஊசித் துளையும் அதை இன்னும் வளர்க்கும்.

பீஸ், அதாவது உள்ளே கிடக்கிற செல் துண்டு விசயத்தில் எக்ஸ்ரே எடுங்கள். நேராக ஒன்று, பக்கவாட்டாக ஒன்று எடுத்தால்தான் ஆழம் தெரியும். தசைக்குள் ஆழக் கிடக்கிற பீஸை 2 மில்லிமீற்றர் போகிற ஊசி தொடாது. விரலால் தடவும்போது தட்டுப்பட்டால் அந்த இடத்தையும் சுற்றி இரண்டு விரற்கடையையும் விட்டுவிட்டுப் படத்தை அமையுங்கள். இடைக்கிடை அந்த இடம் வீங்கி நீர் கசிந்தால் உள்ளே கிருமி இன்னும் இருக்கலாம். சத்திரசிகிச்சை வைத்தியரைக் காணாமல் எதுவும் செய்ய வேண்டாம்.

தழும்புத் தோல் மையை ஒரே மாதிரிக் குடிக்காது. ஓரிடத்தில் பிடிக்காது, பக்கத்திலேயே ஊறிப் பரவும். அதனால் எழுத்தும் நேர்கோடும் அதன் மேல் நெளிந்து தெரியும். இலை, இதழ், நிழல் வைத்த படம் பொருந்தும். கார்த்திகைப்பூ மாதிரி இதழ் நெளிந்த பூவென்றால் தழும்பின் மேடு பள்ளம் இதழின் மடிப்போடு சேர்ந்து மறையும். முதலில் தழும்பின் ஓரத்தில் ஒரு சென்ரிமீற்றருக்கு மட்டும் குத்தி 6 முதல் 8 கிழமை பொறுங்கள். தடிக்காவிட்டால் மிச்சத்தைச் செய்யலாம்.

நரம்பு அறுந்து விறைத்த இடமென்றால் குத்தும்போது நோகாது. அது நல்லதல்ல, கிருமி பிடித்தாலும் நோகாது என்பதால் காலையும் மாலையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஜெய்ப்பூர் கால் (செயற்கைக் கால்) போடுகிறவர்கள் கால் பொருந்துகிற தோலிலும் வார் இறுகுகிற இடத்திலும் குத்த வேண்டாம். ஆறும்வரை காலைக் கழற்றி வைக்க வேண்டி வரும், அது வேலையையும் நடமாட்டத்தையும் முடக்கிவிடும்.

நெடுங்கேணி: வீட்டுக்கு வந்து குத்துறார், விலையும் குறைவு. என்னத்தைப் பார்த்து நம்புறது?

ஊசி மூடின பைக்கற்றில் இருந்து உங்கள் கண் முன்னால் உடைபட வேண்டும், பைக்கற்றில் காலாவதித் திகதி இருக்க வேண்டும். ஊசியைச் சுடுதண்ணியில் போட்டெடுத்தேன், ஸ்பிரிட்டில் துடைத்தேன் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். ஈரலைத் தாக்குகிற ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி உலர்ந்த இரத்தத்தில் 7 நாளாவது உயிரோடு இருக்கும். மை சின்னக் கிண்ணத்தில் உங்களுக்கென்று ஊற்றப்பட வேண்டும், மிச்சம் போத்தலுக்குத் திரும்பக் கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று, மையை எதில் கரைக்கிறார் என்பது. கிணற்றுத் தண்ணியோ போத்தல் தண்ணியோ கூடாது. பற்றறிக்கு விடுகிற வடித்த நீரும் கிருமி நீக்கினது அல்ல. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் வடித்த நீரில் கலந்த சாம்பல் நிற மையால் 19 பேருக்குத் தோல் தொற்று வந்த விபரம் 2012 இல் வெளியானது. குத்தி இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு, நிழல் வைத்த இடத்தில் மட்டும் பருப்பருவாகச் சிவந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சாதாரணக் கிருமிக் குளிசைக்கு அது அடங்காது.

இலங்கையின் தடுப்பூசித் திட்டத்தில் ஹெப்பட்டைட்டிஸ் பி 2003 இல்தான் சேர்ந்தது. அதற்கு முதல் பிறந்தவர்கள் 3 ஊசியும் போட்டுக்கொள்வது நல்லது: முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்றும் பாருங்கள்.

கிளிநொச்சி, மாணவி: நாளைக்குக் குத்தப் போறன். என்ன செய்யோணும்?

நன்றாக நித்திரை கொள்ளுங்கள் தங்கச்சி. போவதற்கு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் முதல் சோறு சாப்பிடுங்கள். வெறும் வயிற்றோடு போனவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள். மயிரை வீட்டில் வழிக்க வேண்டாம், பிளேட் கீறல் இருந்தால் அங்கே குத்த முடியாது. காய்ச்சல் இருந்தால் நாளைத் தள்ளுங்கள். டெங்கு வந்து மாறினவர்கள் இரத்தத்தில் பிளேற்லெற் எண்ணிக்கை சரியாகும்வரை பொறுக்க வேண்டும்.

பரந்தன்: குத்தின பிறகு முதல் கிழமை எப்பிடிக் கழுவுறது? இரணைமடுவில குளிக்கலாமோ?

குளம், வாய்க்கால், கடல், நந்திக்கடல் எதுவும் 3 கிழமைக்கு இல்லை. கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிக்கலாம், ஆனால் பச்சையில் அந்தத் தண்ணி ஊறாமல் பாருங்கள்.

சுற்றிவிட்ட மெல்லிய பிளாஸ்ரிக்கை 2 முதல் 4 மணித்தியாலத்தில் கழற்றுங்கள். எங்கள் வெக்கைக்கு அதற்குள் வியர்வை நின்று தோல் அவிந்துவிடும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதித்து ஆறின தண்ணியை ஊற்றி, வாசமில்லாத குழந்தைச் சவர்க்காரத்தை நுரைத்து விரல் நுனியால் வழுக்கலாகத் தடவிக் கழுவுங்கள். கசிந்த இரத்தமும் மையும் பசை மாதிரி இருக்கும், அது முழுதும் போக வேண்டும். விட்டால் காய்ந்து தடித்த பொருக்காகும், பொருக்கு உரியும்போது மையும் சேர்ந்து வரும். துவாயால் துடைக்க வேண்டாம், சாரத் தலைப்பால் ஒற்றவே வேண்டாம். புது ரிசுவால் ஒற்றி 10 நிமிடம் காற்றாட விடுங்கள்.

பிறகு பூச்சு. உள்ளங்கை அளவு படத்துக்கு ஒரு பயறளவு வாசமில்லாத வசலின் போதும். தோல் மினுங்க வேண்டும், பளபளவென்று வழியக் கூடாது. கூடப் பூசுவதுதான் இங்கே நடக்கிற பெரிய பிழை. பொருக்கு ஊறி நழுவி, ஓட்டை ஓட்டையாக மை போய்விடும். காலை, மாலை இரண்டு தரம் போதும். 4 ஆம் நாளில் இருந்து மெல்லிய வெங்காயச் சருகு மாதிரி உரியும், கடிக்கும். சொறியாமல் உள்ளங்கையால் தட்டுங்கள். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் மோட்டார் சைக்கிளில் போனால் தளர்ந்த பருத்திக் கைச்சட்டை போட்டு மூடுங்கள். சன்கிறீம் தோல் மூடின பிறகுதான்.

மல்லாவி, ஒரு அம்மா: மகன் குத்திப்போட்டு வந்து நிக்கிறான். மஞ்சள் பூசவோ, தேங்காய் எண்ணெய் வைக்கவோ?

கோபத்தை ஆற்றிப்போட்டு இதைக் கேட்டது பெரிய காரியம் அம்மா. இரண்டும் இப்போது வேண்டாம். அரைத்த மஞ்சளில் அம்மியின் கிருமியும் சேர்ந்து வரும், அது திறந்த காயம். தேங்காய் எண்ணெய் உரிந்து முடிந்த பிறகு நல்லது. தலையணை உறையையும் விரிப்பையும் தோய்த்து வெயிலில் காயப்போட்டுக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. நோவுக்குப் பனடோல் மட்டும் கொடுங்கள்: 500 மில்லிகிராம் இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா. அஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். கசிவு கூடும், அதோடு டெங்குக் காலத்தில் அவை ஆபத்து.

முல்லைத்தீவு: வைகாசியில வற்றாப்பளை அம்மனுக்குத் தூக்குக்காவடி நேர்த்தி. பங்குனியில முதுகில அம்மன் படம் குத்தலாமோ?

நேர்த்தியை முதலில் முடியுங்கள் தம்பி. பங்குனியில் குத்தின தோல் வைகாசியில் மேலே மூடியிருக்கும், உள்ளே பலப்பட்டிராது. செடில் கொக்கியில் உடம்பின் பாரம் தொங்கும்போது அந்தத் தோல் கிழிந்து, படத்துக்குக் குறுக்கே தழும்பு விழும். செடில் தழும்பு வெளிறிச் சமப்பட்ட பிறகு குத்துங்கள். அவசரமென்றால் செடில் குத்தாத இடமாகப் பாருங்கள்.

வவுனியா: குத்தினால் இரத்தம் குடுக்கேலாதோ? அம்மம்மாவின்ர பச்சை ஏன் பச்சையாய்க் கிடக்குது?

12 மாதம் கொடுக்க முடியாது, அதற்குப் பிறகு கொடுக்கலாம். அம்மம்மாவின் கையில் இருப்பது பெரும்பாலும் கரிதான். தோலுக்கு அடியில் கிடக்கிற கறுப்பை மேலிருந்து பார்க்கும்போது நீலமும் பச்சையுமாகத் தெரியும்.

மாங்குளம்: அஞ்சாம் நாள். சுத்திவர சிவந்து சுடுது. ஆறுதோ, பழுதாகுதோ?

முதல் இரண்டு மூன்று நாள் சிவந்து வீங்குவது வழமை, அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். ஐந்தாம் நாளில் சுடுகிறதென்றால் ஆறவில்லை. பேனையால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு கீறி நேரத்தை எழுதுங்கள், அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, சீழ், காய்ச்சல், நடுக்கம் வந்தாலோ, அக்குளிலோ அரையிலோ நெறி கட்டினாலோ, கையில் சிவப்புக் கோடு மேலேறினாலோ இரவென்றும் பார்க்காமல் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவு மாஞ்சோலைக்கோ வவுனியாவுக்கோ, கிட்ட இருக்கிற பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். பார்மசியில் கிருமிக் குளிசை இரண்டு வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டாம், பிறகு சீழைச் சோதிக்கும்போது கிருமி பிடிபடாது. பச்சை குத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். எத்தனையாம் நாள், என்ன நிற மை, வயலிலோ குளத்திலோ இறங்கினீர்களா, சீனி இருக்கா என்ற நாலையும் சொன்னால் எந்த மருந்து என்பதை வைத்தியர் சுறுக்காக முடிவெடுப்பார்.