பல்லைப் பிடுங்கியும் நிற்காத முகவலி

கேள்வி: என் கணவருக்கு வயது 37. வலது கன்னத்தில் சுரீரென்று வெட்டும் வலி. பல் துலக்கினால், முகம் கழுவினால் வருகிறது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் நிற்கவில்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் சிறுமூளை அருகே ‘ஏ.வி.எம்.’ என்றிருக்கிறது. கார்பமசபைன் மாத்திரையில் வலி அடங்கிவிட்டது. இப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். ஏ.வி.எம். என்பது தமனியும் சிரையும் முறைதவறிப் பிணைந்த ரத்தக்குழாய்ப் பின்னல். மாத்திரை கேட்கிறது என்பதால் உள்ளே இருப்பது சாதாரணக் கோளாறு என்று ஆகிவிடாது. காரணம் எதுவாக இருந்தாலும் இந்த வலி கார்பமசபைனுக்கு அடங்கக்கூடும்.

முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் ட்ரைஜெமினல் நரம்பு, மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதிக்குள் நுழைகிறது. அந்த இடத்தில் துடிக்கும் ரத்தக்குழாய் ஒன்று ஓயாமல் இடித்துக்கொண்டே இருந்தால் நரம்பிழைகளின் மேலுறை தேய்கிறது. உறை போன இழைகளில் தொடு உணர்ச்சி பக்கத்து வலி இழைக்குத் தாவிவிடுகிறது. பிரஷ் பட்டாலே உயிர் போவது அதனால்தான். பெரும்பாலானவர்களுக்கு இடிப்பது சிறுமூளையின் மேல் தமனி. அது நல்ல குழாய், இடம்தான் தவறு. ஏ.வி.எம்.மில் குழாயே கோளாறு. தமனி ரத்தம் நுண்குழாய்களைக் கடக்காமல் நேராகச் சிரையில் கொட்டுகிறது. அந்த அழுத்தத்தில் ஊட்டும் தமனியும் வடிக்கும் சிரையும் புடைக்கின்றன. இரண்டில் எதுவும் நரம்பை நெருக்கலாம்.

வலியைவிடப் பெரிய கவலை, ஏ.வி.எம். வெடித்து மூளையில் ஏற்படும் ரத்தக்கசிவு. பொதுவாக ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீத வாய்ப்பு என்பது வழக்கமான கணக்கு. ஒருமுறை கசிந்திருந்தால் அடுத்த சில காலம் இன்னும் அதிகம்.

அடுத்து எடுக்க வேண்டியது டி.எஸ்.ஏ. என்ற ஆஞ்சியோகிராம், அதாவது ரத்தக்குழாய்ப் படம். தொடை இடுக்கு அல்லது மணிக்கட்டு வழியாகக் குழாய் செலுத்திச் செய்வார்கள். எம்.ஆர்.ஐ. ஒரு நிலைப்படம்தான், ரத்தம் எந்தத் தமனியில் நுழைந்து எந்தச் சிரையில் வடிகிறது, தமனியில் பலூன் போன்ற வீக்கம் இருக்கிறதா என்பது டி.எஸ்.ஏ.வில்தான் தெளிவாகத் தெரியும். சிகிச்சை முழுவதும் அதைப் பொறுத்தது. பின்னலை அடைப்பதற்கு முன் வடிகால் சிரை அடைபட்டால், உள்ளே தேங்கிய ரத்தம் வெடித்துக் கசியும். புடைத்த சிரையைச் சாதாரணச் சிரை என்று கருதிச் சுட்டு அடைத்துவிட்டால் அறுவை மேசையிலேயே இந்த விபரீதம் நடக்கலாம். எனவே நரம்புக்கும் குழாய்க்கும் இடையே டெஃப்லான் பஞ்சு வைக்கும் வழக்கமான அறுவை சிகிச்சைக்கு அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வழிகள் மூன்று. குழாய் வழியே பசை செலுத்தி அடைப்பது, கத்தியின்றிக் கதிர்வீச்சைக் குவித்துப் பின்னலை மூடவைக்கும் கதிர் அறுவை, மண்டையோட்டைத் திறந்து செய்யும் திறந்த அறுவை. பசையில் குழாயின் துடிப்பு குறைந்ததும் சிலருக்கு வலி சீக்கிரமே விடுகிறது; ஆனால் அதனால் மட்டும் பின்னல் முழுவதும் அடைபடுவது குறைவு. 3 செ.மீ.க்குக் குறைவான பின்னலுக்குக் கதிர் நன்கு பலன் தரும். ஆனால் மூட 2–3 ஆண்டுகள் ஆகும். அதுவரை கசிவு அபாயம் இருக்கத்தான் செய்யும். ஆழத்தில் இருந்தால் திறந்த அறுவை கடினம்.

கசியாத ஏ.வி.எம்.மில் கைவைக்காமல் மருந்தோடு கவனித்தவர்களே சில ஆண்டுகள் வரை நலமாக இருந்தார்கள் என்று 2014-ல் வெளியான அருபா ஆய்வு காட்டியது. ஆகவே ‘உடனே அகற்ற வேண்டும்’ என்பதும் விதியல்ல. நரம்பியல் அறுவை நிபுணர், குழாய் வழிச் சிகிச்சை நிபுணர், கதிர் நிபுணர் மூவரும் சேர்ந்து படத்தைப் பார்க்கும் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: கார்பமசபைன் எந்த அளவில் எடுப்பது? என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: வழக்கமாக 100 மி.கி. தினம் இருவேளை என்று தொடங்கிச் சில நாட்களுக்கு ஒருமுறை மெல்லக் கூட்டுவார்கள். பலருக்கு நாளொன்றுக்கு 400–800 மி.கி. போதும், 1,200-ஐத் தாண்டுவதில்லை. ஆசிய வம்சாவளியினருக்குத் தொடங்கும் முன் எச்.எல்.ஏ.–பி 1502 என்ற மரபணுப் பரிசோதனை நல்லது. அது இருந்தால் தோல் உரியும் கொடிய ஒவ்வாமை வரலாம். காய்ச்சலுடன் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி திடீரென்று நிறுத்தக் கூடாது. தள்ளாட்டம், இரட்டைப் பார்வை வந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். கிளாரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லி சேர்ந்தாலும் அப்படி ஆகும். சோடியம், ரத்த அணுக்கள், கல்லீரல் மூன்றையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். கருத்தடை மாத்திரையின் பலனை இது குறைத்துவிடும்.

கேள்வி: முகவலி உள்ள எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையா?

பதில்: ஒருமுறையாவது தேவை. 40 வயதுக்கு முன் வந்தாலோ, முகம் மரத்தாலோ, அதே பக்கம் காது மந்தமானாலோ, நடை தடுமாறினாலோ தள்ளிப்போடவே கூடாது. திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலியும் வாந்தியும் வந்தால் எம்.ஆர்.ஐ.க்கு நேரம் வாங்கிக்கொண்டு காத்திருக்காமல், நேரே அவசரப் பிரிவுக்குப் போய் சி.டி. எடுக்க வேண்டும்.