பிரான்சின் கிராமப்புறத்தில் இடைக்கால ஊர்களையும் ஆதிமனிதர் குகைகளையும் ஒரே பயணத்தில் பார்க்க எங்கே போகலாம்?

ஒரு வாரத்திற்குள் இடைக்காலக் கார்கசோன் கோட்டை, ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள ஷோவே குகை, லாஸ்கோ குகை மூன்றையும் பார்த்துவிட முடியுமா என்றும், லாஸ்கோவில் காட்டுவது நகல்தான் என்பதால் அதைத் தவிர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. அந்த மூன்றும் நாட்டின் தென்பாதியில் வெவ்வேறு மூலைகளில் இருப்பதால் உங்கள் வாரத்தின் பெரும்பகுதி நெடுஞ்சாலையிலேயே கழிந்துவிடும். ஷோவேயிலும் 2015இல் திறக்கப்பட்ட நகலைத்தான் பார்க்க முடியும். அதற்குப் பதிலாகத் தென்மேற்கே பெரிகோர் வட்டாரத்தில், வெசேர் ஆற்றுக்கும் தோர்தோன் ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதியில், சார்லா நகரிலோ லேசேசி என்ற சிற்றூரிலோ அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். நீங்கள் தேடும் இரண்டு வகை இடங்களும் அங்கே அருகருகே உள்ளன.

அவை அருகருகே அமைந்ததற்குக் காரணம் அங்குள்ள சுண்ணாம்புப் பாறை. ஆறு அரித்த செங்குத்துப் பாறைகளின் அடியில் இயற்கையாகவே நீண்ட தாழ்வாரங்கள் உருவாகியிருக்கின்றன. கற்கால மனிதர்கள் ஒதுங்கிய அதே இடங்களில் இடைக்கால மக்களும் வீடு கட்டி வாழ்ந்தார்கள். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ரோக் சேன் கிறிஸ்தோஃப் பாறையில், கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த மதப் போர்களின்போது 1588இல் இடிக்கப்படும் வரை ஒரு கோட்டை ஊரே இருந்தது. விட்டங்களைச் செருகப் பாறையில் வெட்டிய குழிகளை இன்றும் வரிசையாகக் காணலாம். பயணத்தை இங்கே தொடங்கினால் மற்றவை எளிதில் விளங்கும்.

அடுத்து, இதே வட்டாரத்திலுள்ள லாஸ்கோவின் நகலுக்குப் போங்கள். 1940 செப்டம்பரில் நான்கு சிறுவர்கள் கண்டுபிடித்த அந்தக் குகை 1948இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் உள்ளே விட்ட மூச்சின் கரியமிலவாயுவும் ஈரப்பதமும் சுவரில் பாசியையும் சுண்ணப் படிவையும் வளர்த்ததால், 1963இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ அதை மூட உத்தரவிட்டார். மலையடிவாரத்தில் மோந்தினியாக் ஊரில் 2016இல் திறக்கப்பட்ட புதிய நகலில், ஐந்து மீட்டருக்கும் நீளமான காளை உட்பட, பாறையின் மேடுபள்ளங்களோடு ஓவியங்களை அப்படியே படியெடுத்து வரைந்திருக்கிறார்கள். நகல் என்றதும் முகம் சுளிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அசலைப் பார்க்கும் முன்பு நகலைப் பார்ப்பதில் பெரும் பயன் உண்டு: அங்கே நிறங்கள் பளிச்சென்று இருப்பதால், ஒரு குதிரையின் வயிற்றுக்கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஓர் உருவத்தின்மேல் இன்னோர் உருவத்தை எப்படி வரைந்தார்கள் என்பதெல்லாம் கண்ணுக்குப் பழகிவிடும்.

அந்தப் பழக்கம் லேசேசியை ஒட்டியுள்ள ஃபோன் தெ கோம் குகையில் கைகொடுக்கும். பல வண்ண ஓவியங்களை அசலாகவே பார்க்க அனுமதிக்கும் மிகச் சில குகைகளுள் இதுவும் ஒன்று. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் தெனி பெய்ரோனி 1901இல் இந்த ஓவியங்களை அடையாளம் கண்டார். சரிவில் சிறிது தூரம் ஏறி, ஒடுக்கமான பாதையில் சிறு குழுவாக நுழையும்போது முதலில் மங்கிய கறைகளைத் தவிர எதுவும் தென்படாது. வழிகாட்டி விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தியதும் பாறையின் புடைப்பு ஒரு காட்டெருமையின் தோளாகிறது, விரிசல் முதுகாகிறது. முழங்காலிட்ட பெண் கலைமானின் நெற்றியை ஆண்மான் நக்கும் காட்சி இங்கே இருக்கிறது. அதன் பெரும்பகுதி அழிந்துவிட்டதால் வழிகாட்டியின் விரலைக் கவனமாகப் பின்தொடர வேண்டும். லாஸ்கோவின் வண்ணங்களைப் பார்க்காமல் நேராக இங்கே வந்திருந்தால் நான் பாதியைத் தவறவிட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

குழந்தைகளோ முதியவர்களோ உடன் வந்தால் ரூஃபினியாக் குகை நல்லது. அங்கே சிறு மின்ரயிலில் உட்கார்ந்தபடியே ஒரு கிலோமீட்டர் உள்ளே போய், நூற்றுக்கும் மேற்பட்ட மாமத யானை உருவங்களுள் சிலவற்றையும், குளிர்காலத் துயிலுக்காகக் குகைக்கரடிகள் தோண்டிய பள்ளங்களையும் பார்க்கலாம்.

ஊர்களைப் பொறுத்தவரை, சார்லா மேற்சொன்ன மல்ரோவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். லாஸ்கோ குகையை மூடியதற்கு முந்தைய ஆண்டு, பழைய நகரப்பகுதிகளைக் காக்க அவர் கொண்டுவந்த சட்டத்தால் முதன்முதலில் பயன்பெற்ற நகரங்களுள் அதுவும் ஒன்று. சனிக்கிழமைச் சந்தை புகழ்பெற்றது, நெரிசலும் அப்படியே. தேன்நிறச் சுவர்களையும் கற்பலகைக் கூரைகளையும் பார்ப்பதற்கு மற்ற நாள்களின் மாலைப்பொழுதே ஏற்றது. தோர்தோன் ஆற்றின் இரு கரைகளிலும் பேனாக், காஸ்தெல்னோ என்ற இரு கோட்டைகள் எதிரெதிரே நிற்கின்றன. நூறாண்டுப் போரில் முன்னது பிரெஞ்சு அரசர் பக்கமும், பின்னது பெரும்பாலும் ஆங்கிலேயர் வசமும் இருந்தன. ஒன்றுக்குள் மட்டும் போக நேரமிருந்தால், கல்லெறி பொறிகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் காஸ்தெல்னோவைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது சற்றுத் தள்ளியுள்ள மோன்பசியே. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1280களில் திட்டமிட்டு அமைத்த ஊர் அது. நேர்த் தெருக்கள், வளைவுத் தாழ்வாரங்கள் சூழ்ந்த சதுக்கம், தீ பரவாமலிருக்க வீடுகளுக்கிடையே விட்ட ஒடுக்கமான சந்து ஆகியவை இன்னும் அப்படியே இருக்கின்றன.

லேசேசிக்கும் சார்லாவுக்கும் ரயில் உண்டு என்றாலும், அங்கிருந்து மற்ற இடங்களுக்குச் செல்லப் பேருந்தை நம்ப முடியாது. வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்த்து மே, ஜூன் அல்லது செப்டம்பரில் போவது நல்லது. கோடையிலும் குகைக்குள் 13 டிகிரிதான் இருக்கும் என்பதால் ஸ்வெட்டர் தேவை. உணவகங்களில் எங்கும் வாத்துக்கறிதான் என்றாலும், சைவர்களுக்கு ஆட்டுப்பால் சீஸும் வால்நட் எண்ணெய் சேர்த்த சாலட்டும் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் முன்னதாக ஃபோன் தெ கோம் நுழைவுச்சீட்டைப் பதிவு செய்துவிட்டு, அந்தத் தேதியைச் சுற்றி மற்ற நாள்களை அமைத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் தெற்கே லோத் மாவட்டத்திலுள்ள பெஷ் மெர்ல் குகையின் புள்ளிக் குதிரைகளைப் பார்க்கலாம், அவையும் அசலே.