வெண்டைக்காயை குறுக்கால வெட்டிப் பாரு

கடிதம்: அக்கா, வியாசர்பாடிலேந்து எழுதுறேன். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப பிளஸ் ஒன் இங்கிலீஷ் மீடியம். காலாண்டுல பாட்டனி 35க்கு 9, ஜுவாலஜி 12. நைட்டெல்லாம் கண்ணு முழிச்சு மனப்பாடம் பண்ணேன், ஹால்ல ஒண்ணுமே வரல. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்புக்கு மாறிடவா? எந்த கைடு வாங்கலாம்? நீட் கோச்சிங்கும் இப்பவே போகணுமாம்.

பதில்: கண்ணு, போன வாரம் பரண ஒழிக்கிறப்ப என்னோட ரெக்கார்டு நோட்டு கெடச்சுது, அட்டையெல்லாம் பழுப்பேறிப் போய். ராத்திரி அதையே பொரட்டிட்டு உக்காந்திருந்தேன், காலைல பாத்தா உன் கடிதம்.

கைடு வேணாம், கவர்மென்ட் புக்கு போதும். நீட் கதைய அப்புறம் பேசலாம். மனப்பாடம்னு எழுதியிருக்க பாரு, அங்கதான் எனக்கு கோவம் வருது. பூவப் பத்தின பாடத்த ஒரு பூவக்கூட பிரிச்சுப் பாக்காம ராத்திரி முழுக்க ஒப்பிச்சா எப்படிம்மா நிக்கும்?

நானும் பிளஸ் ஒன் காலாண்டுல பயாலஜில 150க்கு 48தான் வாங்கினேன். பேப்பர் குடுத்த அன்னிக்கு லேப்ல மூலைல நின்னு அழுதுட்டிருந்தேன், பாட்டனி மிஸ் ஒண்ணுமே கேக்காம ஒரு வெண்டைக்காயும் பிளேடும் கையில குடுத்து குறுக்கால வெட்டுன்னாங்க. வெட்டினா உள்ள அஞ்சு அறை. வெத எங்கடி ஒட்டியிருக்குன்னாங்க, நடுவுல மிஸ்னேன், அதான் ஆக்ஸைல் ப்ளாசென்டேஷன், நடு அச்சுல ஒட்டியிருக்குன்னாங்க. பட்டாணிய உரிச்சா ஒரு ஓரமா வரிசையா இருக்கும், அது மார்ஜினல். பப்பாளில செவுத்தோட ஒட்டியிருக்கும், அது பரைட்டல். மூணும் கோயம்பேட்டுலேந்து நம்ம வீட்டுக்கு வர்றதுதான், அம்மா அரியறப்ப பக்கத்துல போய் உக்காரு.

வெண்டைக்காயும் செம்பருத்தியும் ஒரே குடும்பம், மால்வேசி. அடுக்கு செம்பருத்தி வேணாம், அதுல மகரந்தத்தாள் பாதி இதழா மாறிப்போயிருக்கும், ஒத்த அடுக்கு பூவா பறிச்சு நெடுக்கால கீறு. மகரந்தத்தாளெல்லாம் ஒட்டி ஒரே குழாயா இருக்கும், அதுக்குள்ள சூலகத்தண்டு ஏறி வந்து நுனியில அஞ்சா பிரியும். வாயில நுழையாத மோனடெல்ஃபஸ்ங்கற பேரு இதுக்குத்தான், ஒரே கற்றை, அவ்ளோதான். தமிழ்ல படிச்சது உனக்கு கொறையே இல்லடி, சூற்பைனு உனக்கு தெரிஞ்சதத்தான் இங்க ஓவரிங்கறாங்க.

பாத்த கையோட வரையணும். புக்க மூடிட்டு பென்சில்ல வரை, பாகம் குறி, அப்புறம் புக்க தெறந்து தப்ப செவப்பு இங்க்ல திருத்து, மறுநாள் மறுபடி மூடிட்டு வரை. புக்க தெறந்து வெச்சு பாத்து வரையறது கைக்கு வேலை, மண்டைக்கு இல்ல. நெஃப்ரான் (சிறுநீரகத்துல ரத்தத்த வடிகட்டுற குட்டிக் குழாய்), இதயம், வேரோட குறுக்குவெட்டு எல்லாத்துக்கும் இதேதான், செவப்பு இங்க் இல்லாம வர்ற வரைக்கும் விடாத. என் நோட்டுல நெஃப்ரான் மட்டும் பதினோரு தடவ இருக்கு, மொத ஆறும் செவப்பா கெடக்கு, அந்தக் குழாயோட ஹென்லி வளைவ எங்கயோ கொண்டுபோய் விட்டிருக்கேன். பிளஸ் டூ பப்ளிக்ல 200க்கு 187 வந்துது.

அடையாறு ஆலமரத்த மிஸ் காட்டினதும் அந்த வருஷம்தான். 1989 புயல்ல நடு அடிமரம் சாஞ்சும் மரம் சாகல, விழுதுங்க தாங்கிட்டு நிக்குது. பில்லர் ரூட்டு, அதாவது தூண் வேர்னு புக்குல ஒரு வரிதான், அந்த விழுத தொட்டுப் பாத்ததால எனக்கு இன்னிக்கும் மறக்கல.

குரூப்பெல்லாம் மாத்தாத, அரையாண்டு எழுதிட்டு அப்புறம் கேளு. இந்த ஞாயித்துக்கிழம செம்பருத்திய வரைஞ்சு செவப்பு இங்க்கோட போட்டோ எடுத்து அனுப்பு, தப்பா இருந்தா இங்கேயே திட்டுவேன்.