சீப்புருவைச் சுற்றிக்கொண்டு போனது ஏன்?
சீதோனிலிருந்து (இன்றைய லெபனான் கரை) மீறாவுக்கு (இன்றைய துருக்கியின் தென்கரை) நேரே போகாமல் அப்போஸ்தலன் பவுலின் கப்பல் சீப்புருதீவின் (சைப்ரஸ்) ஒதுக்கில், அதாவது காற்று மறைவில், ஏன் ஓடியது என்று கேட்டிருந்தீர்கள். விடை வேதாகமத்தில் அப்போஸ்தலர் 21-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. மீறாவுக்கு மேற்கே உள்ள பத்தாராவிலிருந்து சீதோனுக்குத் தெற்கே உள்ள தீருவுக்கு வந்தபோது தீவை இடப்புறம் விட்டு நடுக்கடலில் நேராக ஓடினார்கள். மேற்கிலிருந்து வீசும் கோடைக்காற்று முதுகைத் தள்ளியது. 27-ஆம் அதிகாரத்தில் மேற்கே திரும்பிப் போகும்போது அதே காற்று முகத்தில் அடிக்கிறது. அகன்ற சதுரப்பாய் கட்டிய அக்காலக் கப்பல் காற்றை எதிர்த்து ஏறுவது பெரும்பாடு.

ஆகவே தீவின் கிழக்கு முனையைச் சுற்றி வடக்கே ஏறினார்கள். தீவுக்கு வடக்கே, இன்றைய துருக்கியின் தென்கரையான சிலிசியா, பம்பிலியா கரையோரம் நீரோட்டம் மேற்கு நோக்கிப் போகிறது. இரவில் மலைப்பக்கமிருந்து தரைக்காற்றும் இறங்கும். பாயில் அதை வாங்கிச் சிறிது நகர்வது, காற்று மாறினால் கரையோரம் நங்கூரமிட்டுக் காத்திருப்பது. மாலுமிகளின் இந்தப் பொறுமை என்னை ஒவ்வொரு முறையும் நெகிழவைக்கிறது. வரைபடத்தில் விரல் வைத்து இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வாசியுங்கள்.