ஏற்றத்தில் கிறீச் சத்தமா? சீட் போஸ்ட்டைப் பாருங்கள்

உங்கள் கார்பன் பிரேம் மவுண்டன் சைக்கிளின் கிறீச் சத்தத்துக்கு, சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டைக் கழற்றிப் பாருங்கள், பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டை மறுபடி மாற்ற வேண்டாம். போடிமெட்டு ஏற்றத்தில் உட்கார்ந்து மிதித்தால் கிறீச்சிடுகிறது, எழுந்து மிதித்தால் நின்றுவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாட்டம் பிராக்கெட் என்றால் எழுந்து மிதிக்கும்போதுதான் இன்னும் கத்தும்.

மழையில் பின்சக்கரம் அள்ளியடித்த நைசான மண் போஸ்ட்டுக்கும் பிரேமுக்கும் நடுவே இறங்கியிருக்கும். நன்றாகத் துடைத்து, கிரீஸ் வைக்காமல், வழுக்காமல் பிடிக்கிற கார்பன் பேஸ்ட் தடவி, போஸ்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு (பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் பக்கம் இருக்கும்), முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பர் போஸ்ட் என்றால் கூடுதலாக முடுக்கியதும் ஏறி இறங்காமல் சிக்கிக்கொள்ளும், கைக்கணக்கு இங்கே உதவாது.

அப்புறமும் சத்தம் வந்தால் ஒருவரைச் சீட்டை அமுக்கச் சொல்லி, பின் சஸ்பென்ஷனின் ஷாக் போல்ட்டிலும், பிரேம் மடங்கி அசையும் ஒவ்வொரு மூட்டிலும் (பிவட்) விரல் வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரிகிற இடத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். லாரி கழுவுகிற வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடித்தீர்களா? அப்படியானால் எனக்குத் தண்ணீர் புகுந்த பிவட் பேரிங் மேல்தான் சந்தேகம்.

கிளாம்புக்குக் கீழே பிரேமில் கோடு தெரிந்து நகத்தில் தட்டுப்பட்டால், அல்லது அந்த இடத்தை நாணயத்தால் தட்டும்போது மட்டும் மந்தமாக ஒலித்தால், வெறும் பெயின்ட் கீறல் என்று கடைக்காரர் சொன்னாலும் சரி, கார்பன் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டும்வரை ஓட்டாதீர்கள்.