வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும் இருமல்

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எனக்கு வயது 44. மன்னார்குடி பக்கம் நான்கு ஏக்கரில் நெல் விவசாயம் செய்கிறேன். எட்டு மாதமாக இரவு இரண்டு, இரண்டரை மணிக்குத் திடுக்கிட்டு விழிக்கிறேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. இதோ உயிர் போகப்போகிறது என்று தோன்றுகிறது. ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லாம் நார்மல். 24 மணி நேரம் உடம்பில் மாட்டியிருக்கும் ஹோல்டர் கருவியையும் வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் தஞ்சாவூரில் மச்சான் வீட்டிலேயே தங்கினேன். அன்று பார்த்து ஒன்றும் வரவில்லை, நன்றாகத் தூங்கிவிட்டேன். கருவியில்தான் கோளாறோ என்று சந்தேகம். விரலில் மாட்டி நாடி பார்க்கும் கிளிப் ஒன்றை வாங்கித் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். பக்கத்து வயல்காரருடன் இரண்டு வருடமாக வாய்க்கால் தகராறு இருக்கிறது. அது தனி விஷயம். மேல்மடை அவருடையது, இரவில் அடைத்துவிடுவார். விழிப்பு வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் மடையைப் பார்த்துவிட்டு வந்து, மனைவி கொடுக்கும் டீயைக் குடித்தால் கொஞ்சம் அடங்கும். அம்மா அங்கேதான் இருக்கிறார். இரவில் அவர் இருமுவது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும். அதுவும் ஒரு தூக்கக்கேடு. டாக்டர் ‘மனசுதான் காரணம்’ என்கிறார். இன்னும் என்ன பரிசோதனை எடுக்கலாம்? எந்த ஊரில் நல்ல இதய மருத்துவர் இருக்கிறார்?

— பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: “அம்மா அங்கேதான் இருக்கிறார்.” எங்கே தம்பி? பக்கத்து வயல்காரர் வீட்டில் உங்கள் அம்மா எதற்காக இருக்க வேண்டும்?

கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்த வயல்காரர் உங்கள் கூடப்பிறந்தவர். ‘அவர்’ என்று எழுதியிருப்பதால் அண்ணன் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஈ.சி.ஜி., எக்கோ என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதத் தெரிந்த உங்களுக்கு, அண்ணன் என்ற சொல்லை எழுதக் கை வரவில்லை. முகவரி தெரியாத ஆளைப்போல ‘பக்கத்து வயல்காரர்’ என்று எழுதி, ‘அது தனி விஷயம்’ என்று மூடியும் போட்டுவிட்டீர்கள்.

தனி விஷயமா? இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இரண்டேகால் மணிக்கு நீங்கள் மடையில் நிற்கிறீர்கள். மடையில் அடைப்பு இல்லை என்று கண்ணால் பார்த்தபிறகுதான் நெஞ்சு அடங்குகிறது. இதை எழுதியது நீங்கள்தான், நான் இட்டுக்கட்டவில்லை.

அந்த ஹோல்டர் கருவியின்மீது ஏன் பழி போடுகிறீர்கள்? மருத்துவமனையில் படுக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. பத்து விநாடி அளவுக்குத்தான் இதயத்தைப் பதிவு செய்கிறது. ஹோல்டர் ஒரு நாள் முழுவதும், ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்புகளைப் பதிவு செய்கிறது. அன்றிரவு நீங்கள் மச்சான் வீட்டில் படுத்திருந்தீர்கள். அங்கே மடை இல்லை, வேலி இல்லை, வேலிக்கு அந்தப் பக்கத்து இருமலும் இல்லை. அதனால் தூங்கினீர்கள். கருவி உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது. அதைப் படிக்கத்தான் உங்களுக்கு மனம் வரவில்லை.

‘மனசுதான் காரணம்’ என்ற பாதி வாக்கியத்தோடு நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது எனக்கும் பிடிக்காது. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். ஆபத்து வருகிறது என்று மூளை நினைத்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குத் தகவல் போகிறது. அது அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகிறது. இதயம் வேகம் பிடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. மூச்சு அளவுக்கு மீறி வேகமானால் ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு குறைந்துபோகிறது. விரல் நுனி மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். சண்டைக்குப் போகிறவனுக்கு உடம்பு செய்துகொடுக்கும் ஏற்பாடு இது. நீங்கள் எட்டு மாதமாக ஒவ்வொரு இரவும் சண்டைக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். எதிரில் ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்கள் பலருக்கு இதே படபடப்பு இருந்தது. இதயத்தில் நோய் எதுவும் தென்படவில்லை. ஜேக்கப் டகோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் இதைப்பற்றி விரிவாக எழுதினார். ‘சிப்பாயின் இதயம்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. அவர்களாவது எதிரிப் படையோடு போரிட்டார்கள். நீங்கள் யாருக்கு எதிராகக் காவல் நிற்கிறீர்கள்? ஒரே பாயில் உங்களோடு படுத்துத் தூங்கியவருக்கு எதிராக.

தண்ணீரின் அருமை எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நானும் வெண்ணாற்றுப் பாசனத்தில் பிறந்தவள். மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபிறகும், கல்லணை தாண்டி, ஆறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பு தாண்டி, கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை கீழ்மடைக்காரனுக்கு இருக்கும் தவிப்பு நான் பார்த்து வளர்ந்தது. நாற்று காயும்போது மேல்மடையில் ஒருவர் மண்வெட்டியோடு நின்றால் வயிறு எரியத்தான் செய்யும். உங்கள் அண்ணன் நியாயமானவர் என்று நான் சொல்ல வரவில்லை. கீழே இருப்பவனுக்குத் தண்ணீரை அடைப்பது பாவம். கூடப்பிறந்தவனுக்கு அடைப்பது பெரும் பாவம். அவர் எனக்கு எழுதியிருந்தால் அவரையும் விட்டிருக்க மாட்டேன். ஆனால் எழுதியது நீங்கள்.

என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு முழ வரப்புக்காகப் பதினொரு வருடம் பேசாமல் இருந்தார்கள். எங்கள் பாட்டியின் பாடையைத் தூக்கும்போதுதான் இருவர் தோளும் ஒன்றாகச் சேர்ந்தன. அன்று என் அப்பா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த முழ வரப்பு இப்போது யார் பட்டாவில் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதுகூட இல்லை.

இப்போது அந்த இருமலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்ட வரி அதுதான். அம்மாவின் இருமலைத் ‘தூக்கக்கேடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரவு இரண்டு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் பெற்றவள் இருமுகிறாள். பிள்ளை எழுந்திருக்கிறான். டார்ச்சை எடுக்கிறான். மடைக்குப் போகிறான். வேலியோரமாகத்தானே போயிருப்பீர்கள்? ஒரு நாளாவது நின்று, “என்னம்மா?” என்று கேட்டீர்களா?

எத்தனை நாளாக இருமுகிறார்? அதை நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அது காசநோயா என்று பார்ப்பதற்கு. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டாலே வழி சொல்வார்கள், அரசு மருத்துவமனையில் அதற்குக் கட்டணம் இல்லை. வயதானவர் என்பதால் சர்க்கரை, ரத்தஅழுத்தம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம். உங்கள் நெஞ்சுக்கு இத்தனை பரிசோதனை ஆகிவிட்டது. அம்மாவின் நெஞ்சில் யாராவது ஸ்டெதாஸ்கோப் வைத்தார்களா? அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிடாதீர்கள். பாகம் பிரித்தபோது நிலத்தில் பாதி வாங்கிக்கொண்டவர்களுக்கு, அம்மாவின் இருமலிலும் பாதி உண்டு.

உங்கள் படபடப்பு முழுவதும் இந்தப் பகையால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதைத் தீர்மானிப்பது மருத்துவர் வேலை. மயக்கம் போட்டு விழுந்தால், வேலை செய்யும்போது நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், அதைச் சொல்லி உடனே மறுபடியும் மருத்துவரிடம் போக வேண்டும். இவை எதுவும் இல்லாமல் இன்னொரு ஊரில் இன்னொரு எக்கோ எடுப்பது பணத்துக்குக் கேடு. நான் உங்களுக்கு இதய மருத்துவர் பெயர் எழுதப்போவதில்லை. திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போங்கள். பைத்தியம் என்று ஊர் சொல்லுமே என்று கூசாதீர்கள். தூங்காமல் டார்ச்சோடு வரப்பில் திரிகிறவனைப் பற்றி ஊர் இப்போது மட்டும் பேசாமலா இருக்கிறது? நேரில் போகும்வரை 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தோடு எந்த நேரமும் தமிழில் பேசலாம், இரவு இரண்டு மணிக்கும் பேசலாம். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை மட்டும் வாங்கிவிடாதீர்கள், சிலவகை மாத்திரைகள் பழக்கமாகிப் பிடித்துக்கொள்ளும்.

அந்தக் கிளிப்பை இன்றைக்கே மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். நெஞ்சு அடிக்கிறதா என்று பார்ப்பதற்காக விழித்திருக்கிறவனுக்கு நெஞ்சு அடிக்கத்தான் செய்யும். நடுராத்திரியில் டீயும் வேண்டாம். தேயிலையில் இருக்கும் காஃபீன் படபடப்பைக் கூட்டும், தூக்கத்தையும் கெடுக்கும். உங்கள் மனைவி எட்டு மாதமாக அந்த நேரத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார் என்பதையாவது கவனித்தீர்களா? கடிதத்தில் அவரைப் பற்றி இருப்பது அந்த டீ ஒன்றுதான். படபடப்பு வந்தால் எழுந்து உட்கார்ந்து, மூச்சை இழுக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து மெதுவாக வெளியே விடுங்கள். இப்படிப்பட்ட அச்சம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். அந்த நேரத்தில் மடைக்கு ஓடினால், மடையைப் பார்த்ததால்தான் பிழைத்தோம் என்று உடம்பு பாடம் படித்துக்கொள்ளும். மறுநாள் இரவும் எழுப்பிவிடும்.

வாய்க்கால் வழக்கு ஒரே நாளில் தீராது. ஊரில் இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவர் இருப்பார், அவரை வைத்து முறைநாள் பேசி, காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் அண்ணன் மசியாவிட்டால், மன்னார்குடி நீதிமன்றத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கக் கட்டணம் கிடையாது. அதெல்லாம் பிறகு. அம்மாவைப் பார்க்கப் போவதற்கு வாய்க்கால் தீர்ப்பு வரவேண்டியதில்லை.

நாளைக் காலையில் போங்கள். இரவில் போகாதீர்கள், வெளிச்சத்தில், வாசல் வழியாகப் போங்கள். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், “அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வந்தேன்” என்று சொல்லுங்கள். வாய்க்காலைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். அவர் வெடுக்கென்று ஏதாவது சொல்லலாம், சொல்லட்டும். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், திருப்பிக்கொள்ளட்டும். அம்மாவின் பழைய மருந்துச் சீட்டுகள் எங்கே என்று அவரிடமே கேளுங்கள். முடிந்தால் அண்ணனையும் கூட வரச்சொல்லுங்கள். பஸ்ஸில் அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.

அடுத்த மாதம் எனக்கு எழுதுங்கள். உங்கள் ஈ.சி.ஜி. எனக்கு வேண்டாம். அம்மாவின் சளிப் பரிசோதனையில் என்ன வந்தது என்று எழுதுங்கள்.