கார் விற்க 14 நிறுவனங்கள், உதிரிபாகம் விற்க ஒன்றே ஒன்று

"இந்தியாவில் எந்தத் துறையை எடுத்தாலும் நான்கைந்து பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன, அப்புறம் எதற்குப் போட்டி ஆணையம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தையில் நிறுவனங்கள் நேர்மையாகப் போட்டியிடுகின்றனவா என்று பார்த்து, தவறினால் அபராதம் விதிக்கும் அரசு அமைப்புதான் இந்த ஆணையம். அநேகமாக நீங்கள் பொருளாதாரம் படிக்கும் மாணவராக இருப்பீர்கள். நான் கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன். நிறுவனங்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் போட்டி இருக்கிறது என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது.

2013 வாக்கில் நடந்தது இது. நெடுநாள் வாடிக்கையாளரான ஓர் ஆசிரியர் காரைக் கொண்டுவந்தார். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. கழற்றிப் பார்த்ததில் முன்சக்கர சென்சார் போய்விட்டது தெரிந்தது. அரை மணி நேர வேலை. சென்சாரின் மேலேயே அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் பொறித்திருந்தது; கார் நிறுவனம் அதைச் செய்யவில்லை, வெளியே வாங்கித் தன் பெட்டியில் போட்டு விற்கிறது. தயாரித்தவரின் விநியோகஸ்தரை அழைத்தேன். "அந்த மாடலுக்கு வெளியே கொடுக்க முடியாது சார், கார் கம்பெனியோடு ஒப்பந்தம் இருக்கிறது" என்றார். டீலரின் உதிரிபாகக் கவுன்டருக்கே போனேன். "பாகமாக விற்க மாட்டோம், வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள்" என்றார்கள். ஆசிரியர் வேறு வழியில்லாமல் அங்கே விட்டார். சென்சாரோடு நிற்காமல் சக்கர பேரிங்கையும் மாற்றி, நான் சொல்லியிருந்த கூலியைப் போல் பல மடங்குக்கு பில் போட்டார்கள். பணத்தைவிட என்னைச் சுட்டது வேறொன்று. "உங்களால் இது முடியாது என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்று அவர் கேட்டார். எனக்கு வேலை தெரியும், பாகம்தான் கிடைக்கவில்லை.

அப்போது டெல்லியில் இதே பிரச்சினை போட்டி ஆணையத்தின் முன் விசாரணையில் இருந்தது. 2011-இல் ஒரு தனிமனிதர் கொடுத்த புகாரில் தொடங்கி, 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். அந்த உத்தரவின் தர்க்கத்தில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கார் வாங்கும்வரை பதினான்கு பேரில் யாரையும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். வாங்கிய மறுநாளிலிருந்து, அந்தக் காருக்குப் பொருந்தும் பாகத்தைப் பொறுத்தவரை ஒரே ஒருவர்தான். ஒரு நிறுவனத்தின் பாகம் இன்னொரு நிறுவனத்தின் காரில் பெரும்பாலும் பொருந்தாது. சென்சாருக்காக யாரும் காரையே விற்கப் போவதில்லை. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தன் காரின் உதிரிபாகச் சந்தையில் தனி ஆதிக்கம் செலுத்துகிறது என்று ஆணையம் முடிவு செய்தது. பாதுகாப்பு, அறிவுசார் சொத்துரிமை என்று நிறுவனங்கள் சொன்ன காரணங்கள் எடுபடவில்லை. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக மறுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது.

பெரிய நிறுவனமே கூடாது என்று நான் பேசுவதாக யாரும் கிளம்ப வேண்டாம். என் ஒர்க்‌ஷாப்பில் கார் செய்ய முடியாது. அதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டும். இன்றைய சட்டமும் பெரிதாக இருப்பதைக் குற்றம் என்று சொல்வதில்லை. 1969-ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டம் நிறுவனத்தின் அளவையே சந்தேகத்தோடு பார்த்தது. அதன் இடத்தில் வந்த 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் ஆதிக்க நிலையில் இருப்பது குற்றமல்ல, அதைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் குற்றம். எல்லா டீலர்களும் ஏமாற்றுகிறவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. அங்கே வேலை செய்யும் மெக்கானிக்குகளில் நான் பழக்கிய பையன்களும் உண்டு.

ஆனால் தாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்ததே 2009 மே மாதத்தில். சிமென்ட் நிறுவனங்கள் கூடிப் பேசி விலையை ஏற்றியதாக ஆணையத்தில் நடந்த வழக்கைப் பாருங்கள்: 2012-இல் அபராதம், 2015-இல் மேல்முறையீட்டில் ரத்து, 2016-இல் மறுபடியும் அபராதம், 2018-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதிசெய்தது, அதன் பிறகும் உச்ச நீதிமன்றம். வழக்கு இப்படி நகர்ந்துகொண்டிருக்க, வீடு கட்டியவர்கள் மூட்டைக்குக் கேட்ட விலையைக் கொடுத்துக் கட்டி முடித்துக் குடியும் போய்விட்டார்கள்.

    

இப்போது பாகங்கள் முன்பைவிடப் பரவாயில்லை. பல சென்சார்கள் வெளிக்கடையில் கிடைக்கின்றன. ஆனால் பூட்டு இப்போது பாகத்திலிருந்து மென்பொருளுக்கு இடம் மாறியிருக்கிறது. புதிய பாகத்தைப் பொருத்தினாலும், காரின் கணினியோடு இணைக்கும் நிறுவனத்தின் ஸ்கேனர் கருவியால் பதிவு செய்தால்தான் சில கார்களில் வேலை செய்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. உங்கள் வண்டியின் விவரம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கார் வாங்கப் போனால் மைலேஜைக் கேட்கும்போதே, இதன் பாகங்களைக் கவுன்டரில் தனியாக விற்பீர்களா, வெளி மெக்கானிக் ஸ்கேனர் போட முடியுமா என்றும் கேளுங்கள். வெளியே வேலை பார்த்ததற்காக மட்டும் வாரண்டி கிடையாது என்றால், அதை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.